பதினாறு போர்த் துவக்கு

சன்னம் என்ற சொல்லை நான் அச்சுக்குப் போகுமுன் நூற்றுக்கணக்கான தடவை சரிபார்த்திருக்கிறேன். சன்னம் பாய்ந்து சிறுவன் பலி. மூதாட்டியின் காலில் துப்பாக்கிச் சன்னம். யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரியில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் அந்தச் சொல் வராத நாள் குறைவு. ஆனால் ஒரு சன்னத்தை நேரில் கண்டது ரொறன்ரோவில்தான். அதையும் காணுமுன் கடித்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு செப்டெம்பர் கடைசி. வெக்ஸ்போர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். மேல்தளத்தில் வீட்டுக்காரர். எழுபதுகளின் தொடக்கத்திலேயே கனடாவுக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் வரைபடம் கீறி ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரை அண்ணை என்போம். அவர் என்னைத் தம்பி என்றும் மனைவியைப் பிள்ளை என்றும் கூப்பிடுவார். அன்று பகல் ஒரு பிளாஸ்ரிக் பையைக் கொண்டுவந்து தந்தார்.

"காட்டுக்கோழி, தம்பி. நானே சுட்டது. கடையில வாங்கேலாது. பிள்ளையிட்டைக் குடுத்து நல்ல உறைப்பாக் கறி வைக்கச் சொல்லும்."

'சுட்டது' என்றதை நான் அடுப்பில் சுட்டது என்று எடுத்துக்கொண்டேன். இறைச்சி பச்சையாக இருந்தது ஏன் என்று யோசிக்கவில்லை.

சாப்பிடும்போது கடைவாய்ப் பல்லில் ஏதோ மாட்டியது. எடுத்துத் தட்டின் ஓரத்தில் போட்டேன். 'டிங்' என்றது. மிளகைவிடச் சற்றுச் சிறிய, சாம்பல் நிற உருண்டை.

"கல்லோ? அரிசி வடிவாத்தான் அரிச்சனான்" என்றாள் மனைவி.

கல் இல்லை. கல்லில் பல் பதியாது. இதில் என் பல் பட்ட இடம் பள்ளமாக இருந்தது.

"ஈயம்" என்றேன்.

அவள் தன் தட்டைத் தள்ளி வைத்தாள். அன்று அதற்குமேல் யாரும் சாப்பிடவில்லை.

அந்த உருண்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மேலே போனேன். அண்ணை பார்த்துச் சிரித்தார். "ஒண்டு தப்பீட்டுதே! எல்லாம் கிண்டி எடுத்தனான் எண்டு நினைச்சன். வாரும், உது பிறக்கிற இடத்தைக் காட்டுறன்."

அவர் என்னைக் கூட்டிப்போனது மேலே அல்ல, கீழே. எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் பூட்டியிருந்த ஒரு கதவு இருந்தது. உள்ளே சூடேற்றும் இயந்திரம் இருப்பதாகச் சொல்லியிருந்தார், அவர் அங்கே இறங்க மேலிருந்து தனிப் படி இருந்தது. பின்னேரங்களில் அங்கிருந்து 'கடக், கடக்' என்று ஒரு சத்தம் வரும். சூட்டுக் குழாய்தான் அப்படிச் சத்தமிடுகிறது என்று ஏழு மாதங்களாக நம்பியிருந்தோம்.

கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். இயந்திரத்துக்கு அருகே ஒரு மரமேசை. அதன்மேல் உள்ளூர்த் தமிழ் வாரப் பத்திரிகை விரித்திருந்தது. பத்திரிகையின்மேல் ஊதா நிறத் தோட்டாக்கள், பித்தளை அடிப்பாகம் கீழே இருக்க, வரிசை வரிசையாக நின்றன. ஒரு வரிசைக்குப் பத்து. ஏழு வரிசைகள் எண்ணினேன். அதற்குமேல் எண்ண முடியவில்லை. என் கால்கள் வாசலைத் தாண்டவில்லை.

ஏன் தாண்டவில்லை என்று சொல்லவேண்டும். எங்கள் பத்திரிகைக் காரியாலயத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் அச்சுப்பிழை திருத்தும் ஓர் ஒப்புநோக்காளர் இருந்தார். சுடப்பட்டுக் கழிந்த ஒரு தோட்டாவின் சிவப்புக் கோதை, மருந்தில்லா வெறுங்கூட்டை, நிமிர்த்தி வைத்து, அதற்குள் குண்டூசி போட்டு வைத்திருப்பார். அவருடைய மாமனிடம் வயல் காவலுக்கு அனுமதி பெற்ற வேட்டைத் துவக்கு முன்பு இருந்ததாம், அதன் மிச்சம். ஒருநாள் காலை இராணுவம் காரியாலயத்துக்குள் வந்தது. ஒருவன் அந்தக் கோதை எடுத்தான், குண்டூசிகளை மேசையில் கொட்டினான், மூக்கருகே வைத்து மணந்தான். ஒப்புநோக்காளரை வாகனத்தில் ஏற்றினார்கள். மறுநாள் அந்தச் செய்தியை ஆறு வரியில் எழுதியது நான். அவர் திரும்பி வரவில்லை.

"என்ன தம்பி, பேயைக் கண்டமாதிரி நிக்கிறீர்? உள்ள வாரும்."

"இங்கை நிண்டே பாக்கிறன் அண்ணை."

அண்ணை விளங்கப்படுத்தத் தொடங்கினார். அவரிடம் இருக்கும் துவக்கின் குழல் அளவு பன்னிரண்டு அல்ல, பதினாறு. பன்னிரண்டுக்கு எந்தக் கடையிலும் தோட்டா குவிந்து கிடக்கும். பதினாறை யாரும் தேடுவதில்லை, அதனால் கடைக்காரர்கள் வைப்பதில்லை, வைத்தாலும் விலை கண்ணைக் குத்தும்.

"அப்ப ஏன் அண்ணை அதை வாங்கினீங்கள்?"

"மலிவாக் கிடைச்சுது. அப்ப தெரியேல்லை, ஏன் மலிவு எண்டு." அவரே சிரித்தார். "இங்க கேஜ் எண்டுவாங்கள். நாங்கள் வெள்ளைக்காரன்ர காலத்துப் பழக்கத்தில போர் எண்டு சொல்லுறது. பதினாறு போர்த் துவக்கு."

"எனக்கு ஒரு போரே காணும் அண்ணை."

அவருக்கு அது பகிடியாகப் பட்டது. நான் பகிடி விடவில்லை.

மேசையின் விளிம்பில் ஒரு கைப்பிடி இயந்திரம் பூட்டியிருந்தது. ஒரு பழைய கோதை அதில் வைத்துப் பிடியை இழுத்தார். 'கடக்.' அடியிலிருந்த எரிந்த மூடி வெளியே விழுந்தது. புதியது ஏறியது. பிறகு வெடிமருந்து, கறுப்புத் தூளாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், சாம்பல் நிறச் சிறு தகடுகளாக இருந்தது. அதன்மேல் ஒரு பிளாஸ்ரிக் கிண்ணம், அதற்குள் சன்னம். கடைசியில் கோதின் வாயை இயந்திரம் பூ மடிப்பதுபோல மடித்து மூடியது. ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு கோதையும் ஐந்தாறு தடவை பாவிக்கலாமாம். சுடுகழகத்தில் மற்றவர்கள் எறிவதைக் குனிந்து பொறுக்குவாராம். பிளாஸ்ரிக் கிண்ணங்களுக்கு அமெரிக்காவுக்குக் கடிதம் போட்டுக் காத்திருப்பாராம். "மனுசிக்கு இது கண்ணில காட்டேலாது. நான் தோட்டா அடைக்கத் தொடங்கினால் மகள் வீட்டை, பிறம்ரனுக்கு, வெளிக்கிட்டிடும்."

"ஒருக்கா இழுத்துப் பாரும்" என்று கைப்பிடியைக் காட்டினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேண்டாம் என்றேன்.

துவக்கு மேலே இரும்பு அலுமாரியில் பூட்டியிருந்தது. அனுமதிப் பத்திரம் அவருடைய பணப்பையில் இருந்தது. எல்லாம் சட்டப்படி. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. இவ்வளவும் ஒரு வீட்டுக்குள் சட்டப்படி இருக்கலாம்.

மனைவியிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "எங்களுக்கும் அதுக்கும் நடுவில எத்தினை அங்குலச் சுவர்?" என்றுதான். இரண்டாவது: "நாளைக்கே வேற வீடு பாப்பம்."

பார்க்க முடியாத நிலை. எங்கள் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டிருந்தது. நிரந்தர வதிவிடத்துக்கான நேர்முக விசாரணைக்கு இரண்டு வருடம் காத்திருந்து, நவம்பரில் வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. பார்க்டேலில் எங்களோடு முன்பு இருந்த ஒருவர் இப்படிக் கடிதம் வந்தபிறகு விலாசம் மாற்றினார். அவருடைய கோப்பு எங்கோ ஓர் அலுமாரியில் தவறிப்போய் இன்னும் கிடைக்கவில்லை. இனி விலாசம் மாறக்கூடாது என்று சட்டத்தரணி அடித்துச் சொல்லியிருந்தார். அந்த விசாரணையில் தவறினால் எங்களுக்குப் போக இடமில்லை. எனவே இருந்தோம். மனைவி கதவின் எங்கள் பக்கத்தில் அரிசி மூட்டையை இழுத்து வைத்தாள். அது எதைத் தடுக்கும் என்று நான் கேட்கவில்லை.

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். பக்கத்து அறையில் 'கடக், கடக்' கேட்டுக்கொண்டிருந்தது. நின்றது. அண்ணை எங்கள் கதவடியில் வந்து சொன்னார்: "தம்பி, தேத்தண்ணிக்குப் பால் முடிஞ்சுது. பிளாசாவுக்குப் போட்டு ஓடியாறன். அறை திறந்து கிடக்கு, ஒண்டையும் தட்டிப்போடாதேயும்."

அவர் போய்ப் பத்து நிமிடம் ஆகவில்லை. பேஸ்மென்ற் யன்னல் நிலமட்டத்தில் இருப்பதால் அதில் மனிதர்களின் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். இரண்டு சோடி கறுத்தச் சப்பாத்துகள் யன்னலைக் கடந்தன. நீலக் காற்சட்டை, பக்கவாட்டில் சிவப்புக் கோடு. மேல்வாசலில் மணி அடித்தது.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன்: முன்னொருபோதும் ஒத்திகை பார்க்காத இரண்டு பேர் எப்படி அவ்வளவு ஒழுங்காக வேலை செய்தோம்?

அவள் அரிசி மூட்டையை இழுத்தாள். நான் கதவைத் தள்ளினேன். உடுப்புத் தோய்க்கும் தொட்டி அந்த அறையின் மூலையில் இருந்தது. தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்தேன். அவள் பத்திரிகையை நாலு மூலையிலும் தூக்கி, அதன்மேல் நின்ற தோட்டாக்களோடு அப்படியே கொண்டுவந்து தொட்டிக்குள் கொட்டினாள். நான் மருந்துப் பேணியைக் கவிழ்த்தேன். சன்னப் பையைக் கவிழ்த்தேன். அடைத்து முடித்துப் பெட்டியில் அடுக்கியிருந்தவற்றையும் கவிழ்த்தேன். அவள் சவர்க்காரத் தூளைக் கொட்டி, மேலே இரண்டு படுக்கை விரிப்புகளைப் போட்டு அமுக்கினாள். ஊரில் இதற்குக் கிணறு இருந்தது. சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டால் கையில் அகப்பட்ட எல்லாம் கிணற்றுக்குள் போகும்: பற்றறி, வயர்த்துண்டு, வரைபடம் இருந்த பாடப்புத்தகம். இங்கே கிணறு இல்லை என்பதைக் கைகள் தாமாகவே கணக்கில் எடுத்திருந்தன.

பக்கக் கதவில் தட்டினார்கள். திறந்தேன்.

இளம் பொலிஸ்காரர்கள் இருவர். இரண்டு வீடு தள்ளி ஒரு காரின் கண்ணாடியை யாரோ உடைத்து வானொலியை எடுத்துப் போய்விட்டார்களாம். ஏதாவது கண்டோமா, சத்தம் கேட்டதா? இல்லை என்றேன். ஒருவர் என் கைகளைப் பார்த்தார். முழங்கைவரை நுரை.

"சலவை நாளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தார்.

"ஆம்."

எங்கள் இருவரின் பெயரையும் எழுத்துக்கூட்டிக் கேட்டுக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனார்கள். எல்லாமாக மூன்று நிமிடம்.

அண்ணை பால் பையோடு உள்ளே வந்தபோது மனைவி தொட்டியடியில் நிலத்தில் இருந்தாள். அவர் வெறும் மேசையைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். விரிப்பைத் தூக்கினார். ஊதாத் தோட்டாக்கள் நுரைக்குள் மிதந்தன. சில வாய் விரிந்து, உள்ளிருந்ததைக் கக்கியிருந்தன.

"என்ன பிள்ளை இது? தோட்டாவைத் தோய்ச்சனீங்களோ?"

"பொலிஸ் வந்தவை, அண்ணை."

"வந்தால்? என்னட்டை லைசென்ஸ் இருக்கே. என்ர பேரைச் சொல்லியிருக்கலாமே."

"அந்த நேரம் வாயில பேர் வரேல்லை" என்றாள்.

நான் ஒப்புநோக்காளரின் குண்டூசிக் கோதைப் பற்றிச் சொன்னேன். ஆறு வரியில் எழுதியதையே மறுபடி சொன்னேன், கூட்டவில்லை. அண்ணை பால் பையைக் கையில் பிடித்தபடி கேட்டார். அவர் நாட்டை விட்டு வந்த நாட்களில் அங்கே பொலிஸ்காரன் சைக்கிளில் விளக்கில்லை என்றுதான் பிடிப்பான். அவருடைய ஊருக்கும் என்னுடைய ஊருக்கும் இரண்டு மைல்தான் தூரம்.

"ஒரு வெறுங்கோதுக்கோ?" என்றார். பால் பையை மேசையில் வைத்துவிட்டு மறுபடியும், "வெறுங்கோதுக்கோ?"

அந்த வேட்டைப் பருவத்துக்கு அவர் அடைத்து வைத்திருந்த அத்தனையும் போய்விட்டது. எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. கோதுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துவாயில் துடைத்தார். "இது காயும்" என்றார்.

பொலிஸ்காரரின் குறிப்புப் புத்தகம்தான் எங்களைத் தின்றது. அது கொம்பியூட்டருக்குள் போயிருக்குமா? விசாரணை அதிகாரி அதைப் பார்ப்பாரா? ஆயுதம், வெடிபொருள் எதையாவது கையாண்டீர்களா என்று கட்டாயம் கேட்பார்கள் என்று சட்டத்தரணி முன்னமே சொல்லியிருந்தார். பொய் சொல்லி அகப்பட்டால் முடிந்தது என்றும் சொல்லியிருந்தார்.

"இல்லை எண்டு சொல்லுவம். அது அண்ணையின்ர சாமான்" என்றேன்.

"கவிட்டுக் கொட்டினது ஆர்? அண்ணையோ?" என்றாள் மனைவி. "சொல்லுறதெண்டால் முழுக்கச் சொல்லுங்கோ. அரைவாசி சொல்லிப்போட்டு முழுசிக்கொண்டு இராதேங்கோ."

நவம்பரில் அண்ணைதான் தன் காரில் கூட்டிப்போனார். வேட்டைக்குப் போடும் பழைய தடித்த கோட்டைப் போட்டிருந்தார். அன்று குளிர் அப்படி. வெளியே கதிரைகளில் அவர் இருக்க, நாங்கள் உள்ளே போனோம். அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு பெண்மணி. எனக்கு ஆங்கிலம் விளங்கும். ஆனாலும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளுங்கள், யோசிக்க நேரம் கிடைக்கும் என்பது சட்டத்தரணியின் ஆலோசனை.

இருபது நிமிடம் ஒழுங்காகப் போனது. பிறகு அந்தக் கேள்வி.

"எப்போதாவது ஆயுதங்களையோ வெடிபொருட்களையோ கையாண்டிருக்கிறீர்களா?"

"ஓம்" என்றேன். "ஒரேயொருக்கா. போன மாதம். பதினாறு போர்த் துவக்குத் தோட்டா. தண்ணிக்குள்ள போட்டனாங்கள்."

எங்கள் ஊரில் துப்பாக்கிக்குப் பெயர் துவக்கு. நிருபர்கள் துவக்கு என்று எழுதி அனுப்பினால் நான் வெட்டித் துப்பாக்கி என்று மாற்றுவேன். பேச்சுச் சொல் அச்சில் வரக்கூடாது என்பது எங்கள் ஆசிரியரின் விதி. அத்தனை வருடம் மற்றவர்களின் எழுத்தில் வெட்டிய சொல், வெட்டவேண்டிய ஒரேயொரு நாளில் என் வாயிலிருந்தே வந்தது. சென்னையில் துவக்கு என்றால் தொடங்கு. போர் என்றால் யுத்தம்.

அந்தப் பெண்மணி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, நேர்மையாகச் சொன்னார்:

"பதினாறு போர்களைத் துவக்குவதற்கான தோட்டாக்களை இவர் கையாண்டிருக்கிறார். போன மாதம். அவை இப்போது தண்ணீருக்குள் இருக்கின்றன."

அதிகாரியின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. அவர் எழுதினார். பேனா நகர்ந்ததைத் தலைகீழாக வாசித்தேன். தலைகீழாக வாசிப்பது அச்சுக்கூடத்தில் பழகியது. '16' என்று எழுதி, பக்கத்தில் 'யுத்தங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். மனைவிக்கு ஆங்கிலம் முழுதாக விளங்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்து அவள் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னவ?" என்று மெல்லக் கேட்டாள்.

மற்றவர்களின் மொழிபெயர்ப்பைத் திருத்துவது என் தொழிலாக இருந்தது. இப்போது நாக்கு அசையவில்லை. அவள் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

"கேஜ்" என்றேன் ஆங்கிலத்தில். "யுத்தம் இல்லை, ஐயா. கேஜ். பதினாறு கேஜ். வேட்டைத் துப்பாக்கி. என்னுடையதல்ல. வீட்டுக்காரருடையது. அவர் வெளியே இருக்கிறார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அண்ணையைக் கூப்பிடச் சொன்னார்.

அண்ணை தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். பணப்பையைத் திறந்து அனுமதிப் பத்திரத்தை எடுத்து வைத்தார். தொட்டிக் கதையைத் தன் ஆங்கிலத்தில் சொன்னார். சவர்க்காரத் தூளையும் விடவில்லை. அதிகாரி, பதினாறா, அது இன்னும் கிடைக்கிறதா என்பதுபோல ஏதோ கேட்டார்.

"கிடைப்பதில்லை. அதனால்தான் வீட்டில் செய்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே அண்ணை கோட்டுப் பைக்குள் கையை விட்டார். ஊதா நிறத்தில் ஒரு வெறுங்கோதை எடுத்து, பித்தளை கீழே இருக்க, அதிகாரியின் மேசையில் நிமிர்த்தி வைத்தார்.

என் காதில் குண்டூசிகள் கொட்டுண்ட சத்தம் கேட்டது. மனைவி என்னுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்த அடையாளம் இரண்டு நாள் இருந்தது.

அதிகாரி கோதை எடுத்தார். கவிழ்த்தார். நான் அவருடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மணக்கவில்லை. பித்தளையில் பொறித்திருந்த எண்ணை வாசித்தார். கோப்பில் 'யுத்தங்கள்' என்ற சொல்லின்மேல் ஒரு கோடு போட்டார், மேலே 'கேஜ்' என்று எழுதினார், ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளை இட்டார். கோதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். அது என் வேலையைப் பற்றியது. நான் என்ன பதில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை.

இறங்கும் மின்தூக்கியில் நாங்கள் மூவரும்தான்.

"அண்ணை," என்றாள் மனைவி, "காட்டுறதுக்கெண்டே உதைக் கொண்டு வந்தனீங்களோ?"

"எதை?"

"கோதை."

"இல்லைப் பிள்ளை. எப்பவும் ஒண்டு ரெண்டு பொக்கற்றுக்குள்ள கிடக்கிறதுதானே." அவர் வெளியே எடுத்துப் பார்த்தார். "நீர் தோய்ச்சதில ஒண்டுதான். இன்னும் ரெண்டுதரம் பாவிக்கலாம்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

நிரந்தர வதிவிடத் தாள்கள் மார்ச் மாதம் தபாலில் வந்தன. இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று. பெயர், பிறந்த திகதி, நாடு. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று குசினி மேசையில் வைத்து மூன்று தடவை ஒப்புநோக்கினேன். இல்லை. பக்கத்து அறையில் 'கடக்' என்று கேட்டது. மனைவி எழுந்துபோய்க் கதவடியில் இருந்த அரிசி மூட்டையைப் பார்த்தாள். நகர்த்தவில்லை. அதிலிருந்து இரண்டு சுண்டு அரிசி அளந்தெடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.